வயலினோடு எந்த மேளம் சேரும்?

வாசகர் கேள்வி – பதில்
பதில் தருபவர்: ஹட்டனில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை

வயலினுக்கு மிருதங்கம் மட்டும்தான் துணையா, வேறு நாட்டு மேளங்களோடும் வாசிக்கலாமா என்று சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் மலையகத்துக் கடிதங்களே அதிகம். எல்லாவற்றுக்கும் இடம் போதாது என்பதால் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகள் வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரப் பரீட்சைக்கு வயலின் படிக்கிறாள். பாடசாலையில் ஜெம்பே என்ற ஆபிரிக்க மேளம், கிட்டார் எல்லாம் சேர்த்து ஒரு நிகழ்ச்சி செய்கிறார்கள். அவளையும் கூப்பிடுகிறார்கள். போனால் சாஸ்திரிய ஒழுங்கு கெட்டுப்போகுமா?
— ஒரு தகப்பன், தலவாக்கலை

பதில்: கெடாது. வயலினே நமக்கு வெளியிலிருந்து வந்ததுதானே. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதை மேலும் வளர்த்தார். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்த வாத்தியத்தை, சப்பணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கலாம் என்று கண்டவர்கள் நம்மவர்கள். வயலினைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாமல் போனதால்தான் விரல்கள் தந்தியில் இவ்வளவு தாராளமாக வழுக்கி ஓடுகின்றன.

இலங்கைக்காரர்களான நாம் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய தந்தை வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசைக் கல்லூரியில் கற்பித்தார். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. பிற்பாடு சங்கர் ஜோன் மெக்லாஃப்லினின் கிட்டாரோடும், ஜாகிர் உசேனின் தபலாவோடும், விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் சேர்ந்து ‘சக்தி’ குழுவில் வாசித்தார். 1970களில் வந்த அந்தக் குழுவைத்தான் இன்றைக்கும் எல்லோரும் முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். அவர்களில் யாரும் சாஸ்திரியத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. அதில் ஊறியிருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது.

அதனால் என் நிபந்தனை ஒன்றுதான். மகள் கையில் தாளம் போட்டுக்கொண்டு வர்ணம் என்ற பயிற்சி உருப்படி ஒன்றை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பிசகாமல் பாடுகிறாளா? பாடினால் தாராளமாக அனுப்புங்கள். தடுமாறினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். தாளம் அவளுக்குள் நிற்காத வரைக்கும் ஜெம்பே அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

இன்னொரு விஷயம். கிட்டாருக்கு ஏற்றபடி அவளுடைய தந்திகளை மாற்றிச் சுருதி சேர்க்கச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். அவள் 5 கட்டைச் சுருதியில் ஸ-ப-ஸ-ப என்று சேர்த்திருந்தால் கீழ்த் தந்திகள் இரண்டும் மேற்கத்தேய முறையோடு அப்படியே ஒத்திருக்கும். மேல் தந்திகள் இரண்டு மட்டும் ஒரு முழுச் சுரம் இறங்கி இருக்கும். 5 கட்டை என்பது கிட்டார்காரர் சொல்லும் ‘ஜி’. அவர் ஜி-க்கு வந்தால் போதும், வயலினில் எதையும் தொடத் தேவையில்லை. தந்தியை ஏற்றி இறக்கி விளையாடினால் பரீட்சை நேரத்தில் அது சுருதியில் நிற்காது.

கேள்வி: எங்கள் பாடசாலையில் வயலின் வாசிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர், மிருதங்கம் வாசிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஜெம்பே ஒன்று வாங்கித் தந்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஒத்திகை பார்த்தோம். ஜெம்பே சத்தத்தில் வயலின் இருக்கிற இடமே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
— இசை ஆசிரியை, நோர்வூட்

பதில்: ஜெம்பேயை மெதுவாக அடிக்கச் சொல்லியிருப்பீர்கள். அது பாதி வழிதான். முதலில் அந்த மேளம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். மேற்கு ஆபிரிக்காவில் கினி, மாலிப் பக்கத்து மக்களுடைய மேளம் அது. ஒரே மரக்குற்றியைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, கயிற்றால் இறுக்கிச் செய்வார்கள். திறந்த வெளியில், ஊரே கூடி ஆடும்போது வாசிப்பதற்காகப் பிறந்தது. 1950களில் கினியைச் சேர்ந்த ஃபொடேபா கெய்ட்டாவின் ஆடற்குழு உலகம் சுற்றியபோதுதான் மற்ற நாட்டுக்காரர்கள் அதைப் பெருமளவில் கேட்டார்கள். அப்படிப்பட்ட மேளத்தை நாம் தகரக் கூரை போட்ட மண்டபத்துக்குள், ஐந்து சின்ன வயலின்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்.

ஜெம்பேயில் மூன்று அடி முக்கியம். நடுத்தோலில் உள்ளங்கை விழுந்தால் ‘தொம்’ என்று அடிச்சத்தம். ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடித்தால் உருண்டையான நாதம். அதே ஓரத்தில் விரல்களைத் தளர விட்டுச் சுண்டினால் ‘பட்’ என்று வெடிக்கும். வயலினை மூடுவது இந்த மூன்றாவது அடிதான். ‘தொம்’ வயலினுடைய கீழ்த் தந்திக்கும் வெகு கீழே கிடப்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. வெடிக்கும் அடியோ, வில் தந்தியைப் பிடிக்கும் அந்தச் சன்னமான சத்தம் இருக்கிற இடத்திலேயே போய் விழுகிறது. நம் காது கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதைத் தொடர்வது அந்தச் சன்னத்தை வைத்துத்தான். ஆகவே வயலின் வாசிக்கும்போது வெடியடி வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். வயலின் ஓய்கிற இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு வைக்கட்டும். அப்போது அதற்கும் ஒரு மரியாதை இருக்கும்.

ஜெம்பேயின் அடிவாய் திறந்திருந்தால்தான் ‘தொம்’ முழுதாக வெளியே வரும். அதனால்தான் சாய்த்துப் பிடித்து வாசிக்கிறார்கள். ஒத்திகை அறையில் சத்தம் தாங்கவில்லை என்றால் மடித்த சாக்கின் மேல் நேராக நிறுத்தி வைத்துப் பாருங்கள். சத்தம் அப்படியே அடங்கும்.

உங்கள் கடிதத்தில் மிருதங்கப் பையனும் ஜெம்பேப் பையனும் ஆரம்பம் முதல் கடைசிவரை சேர்ந்தே வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) சுருதியில் நிற்பது. பாட்டின் நெளிவு சுளிவோடு அது போகும். ஜெம்பே வேறு மாதிரி. ஒரே நடையைத் திரும்பத் திரும்ப வாசித்து மற்றவர்கள் நிற்பதற்குத் தரை போட்டுக் கொடுக்கும். பல்லவிக்கு மிருதங்கம் போகட்டும், ஜெம்பே சும்மா இருக்கட்டும். சரணத்தில் ஜெம்பே தரையைப் போடட்டும், மிருதங்கம் கைகட்டிக் கேட்கட்டும். கடைசியில் இரண்டும் கேள்வி பதிலாக நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசித்தால் சபை நிமிர்ந்து உட்காரும். சும்மா இருக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் எடுக்கும்.

வயலின் பிள்ளைகளின் வில்லும் மாற வேண்டும். மேளத்தோடு வாசிக்கும் இடங்களில் வில்லின் நடுப்பகுதியில், குறுகிய வீச்சில், ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தித் தொடங்கச் சொல்லுங்கள். ஐந்து பேருடைய வில்லும் ஒரே திசையில் போக வேண்டும். ஒருத்தி மேலே இழுக்க இன்னொருத்தி கீழே தள்ளினால் தாளம் மங்கிப்போகும். நீண்ட கமகத்தை ஆலாபனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்த மேளமும் வேண்டாம், சுருதிப் பெட்டி மட்டும் போதும்.

முதல் உருப்படியாக ஒரு நோட்டு ஸ்வரம் எடுங்கள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துஸ்வாமி தீட்சிதர் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதி வைத்தவை அவை. சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல் நேர் சுரமாகப் போகும். உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒன்றிரண்டு தெரிந்திருக்கும். ஜெம்பேக்கு அதைவிட வசதியான பாட்டு அமையாது.

கேள்வி: ஜெம்பே வாங்க எங்களிடம் பணம் இல்லை. வேறு வழி உண்டா?
— இளைஞர் மன்றம் ஒன்றிலிருந்து, பொகவந்தலாவை

பதில்: பழைய தேயிலைப் பெட்டி கிடைக்குமா என்று பாருங்கள். கடதாசிப் பைகள் வருவதற்கு முன்னால் தேயிலை கப்பலேறியது பலகைப் பெட்டியில்தான். தோட்டத்து வீடுகளில் உடுப்பு வைக்கவும் பாத்திரம் வைக்கவும் இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள்.

பெரு நாட்டில் கஹோன் என்று ஒரு மேளம் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர்கள் சாமான் பெட்டிகளைத் தட்டி வாசித்ததில் பிறந்தது என்பார்கள். வாசிப்பவர் அதன் மேலேயே உட்கார்ந்து, முன் பலகையில் கையால் தட்டுவார். 1970களின் பிற்பகுதியில் ஸ்பானிய கிட்டார் மேதை பாக்கோ டி லூசியா பெருவில் அதைக் கேட்டுத் தன் குழுவுக்கு எடுத்துப் போனார். இன்றைக்கு ஃபிளமென்கோ இசையில் அது இல்லாத மேடை அபூர்வம். பெரு அரசு 2001இல் அதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது.

தேயிலைப் பெட்டியின் ஓரங்களில் அடித்திருக்கும் தகரத்தை முதலில் கழற்றுங்கள், கையைக் கிழித்துவிடும். திறந்த வாயைப் பின்பக்கம் வைத்து, மெல்லிய பலகை உள்ள பக்கத்தை முன்னால் வையுங்கள். மேல் விளிம்பில் விரல் நுனி, நடுவில் உள்ளங்கை. வயலினுக்கு ஜெம்பேயைவிட இது நன்றாகவே பொருந்தும். மரத்தின் சத்தம் சட்டென்று அடங்கிவிடுவதால் அடுத்த சுரத்தின் மேல் ஏறி உட்காராது. அமெரிக்க இசையமைப்பாளர் லூ ஹரிசன் 1959இல் ஒற்றை வயலினுக்கும் தாள வாத்தியக் குழுவுக்கும் எழுதிய உருப்படியில் மண் பூச்சாடிகளையும் சலவைத் தொட்டிகளையும் கோப்பித் தகரங்களையும் வாசிக்க வைத்தார். பெட்டி என்று யாராவது சிரித்தால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: நுவரெலியாக் குளிரில் வயலின் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகிக்கொள்கிறது. மேளத்தின் தோல் தொய்ந்து போகிறது. ஒத்திகை தொடங்கும் முன்பே களைத்துவிடுகிறோம்.
— மாணவி, நுவரெலியா

பதில்: 1,868 மீட்டர் உயரத்தில், அந்தப் பனிமூட்டத்துக்குள் வாத்தியம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை, தெரியும். பிரடை மரம் ஈரத்தில் ஊதி இறுகும், வெயில் காலத்தில் சுருங்கி வழுக்கும். பிரடையைக் கழற்றி, அது துளைக்குள் உரசும் இடத்தில் காய்ந்த சவர்க்காரத்தைக் கொஞ்சம் தேய்த்து, மேலே சோக்குத் தூளைத் தடவுங்கள். சவர்க்காரம் திரும்ப விடும், சோக்கு பிடித்து நிறுத்தும். ஒரே நேரத்தில் நான்கு பிரடைகளையும் கழற்றிவிடாதீர்கள். தந்திகளின் இழுவை போனால் அவற்றைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும்.

ஈரத்தில் வில்லின் மயிரும் நீளும். இறுக்கி வாசித்துவிட்டு அப்படியே பெட்டியில் வைத்தால் மறுநாள் வெயிலில் மயிர் சுருங்கி வில் வளைந்து போகும். வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள். வயலின் உடம்பைச் சுற்றி விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். கடையில் விற்கும் பசையை ஊற்றிவிடாதீர்கள். வயலினுக்கு விலங்குத் தோலில் காய்ச்சிய பசைதான். தேவைப்படும்போது அதைத் திறந்து மறுபடி ஒட்ட முடியும்.

மேளத்தில் கவனம் வேண்டும். ஜெம்பேயையும் தப்பு மேளத்தையும் அனல் பக்கத்தில் தள்ளி வைத்துக் காய்ச்சலாம். மிருதங்கத்தையும் தபலாவையும் ஒருபோதும் நெருப்புக்குக் காட்டக் கூடாது. வலந்தலையின் நடுவில் பூசிய கறுப்புக் கரணை வெடித்துப் போகும். கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சேர்ப்பதுதான் மிருதங்கத்துக்கு. மழைக்காலத்து நிகழ்ச்சி என்றால் பிளாஸ்டிக் தோல் போட்ட ஜெம்பேயை இரவல் வாங்குங்கள். நாதம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நடுவில் கைவிடாது.

கேள்வி: கிரேக்க நாட்டு நடனப் பாட்டு ஒன்றை வயலினில் வாசிக்கப் பார்க்கிறேன். ஏழு ஏழாக வருகிறது. ஆபிரிக்கத் தாளங்களோ பன்னிரண்டாக வருகின்றன. எண்ணியே மாள்கிறேன்.
— பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பதுளை மாணவன்

பதில்: எண்ணாதீர்கள், சொல்லுங்கள். நம்மிடம் சொற்கட்டு இருக்கும்போது எண்ணிக்கை எதற்கு? நீங்கள் சொல்லும் கிரேக்க நடனம் கலமத்தியானோஸ் என்றால் அது 3+2+2. ‘தகிட தக திமி’. நம் மிஸ்ர சாபு தாளம் அச்சொட்டாக அதுதான். பல்கேரியாவின் ரச்செனிட்சாவும் ஏழுதான், ஆனால் 2+2+3. ‘தக திமி தகிட’. கூட்டுத்தொகை ஒன்றே என்று இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தால் ஆடுகிறவர்களின் கால் பின்னிக்கொள்ளும். வில்லின் அழுத்தம் மூன்று எங்கே வருகிறதோ அங்கே விழ வேண்டும்.

பன்னிரண்டுக்கு ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் போடுங்கள். எட்டு அட்சரமும் மும்மூன்றாக 24. பன்னிரண்டு இரண்டு தடவை அடங்கிவிடும். மேற்கு ஆபிரிக்காவில் மேளக்காரர்கள் எல்லோரையும் கட்டி வைப்பது ஓர் இரும்பு மணி. அதன் மிகப் பரவலான அடி 2-2-1-2-2-2-1. இப்போது ஹார்மோனியத்தில் சங்கராபரணத்தை ஸ முதல் மேல் ஸ வரை வாசித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து எத்தனை கட்டை இடைவெளி என்று பாருங்கள். 2-2-1-2-2-2-1. முதன்முதலில் இது பிடிபட்டபோது அன்றைக்கு வகுப்பில் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை. மணியடி மறந்துபோனால் மனதுக்குள் ஆரோகணத்தைப் பாடுங்கள். முழுச் சுரத்துக்கு நீட்டம், அரைச் சுரத்துக்குக் குறுக்கம். தானாக வரும்.

கேள்வி: கண்டியில் பெரஹரா ஊர்வல மேளங்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். கண்டி மேளத்தோடு வயலின் ஒட்டுமா?
— வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: ஒட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பழகினால். கெட்ட பெரய என்ற அந்த மேளத்தை இடுப்பில் கட்டி, நின்றும் ஆடியும் வாசிக்கிறார்கள். பலா, வேம்பு, கொன்றை மரங்களில் கடைகிறார்கள். நம் மிருதங்கமும் பலாவில்தான் பிறக்கிறது. தத், ஜித், தொங், நங் என்ற நான்கு மூலச் சொற்களை வாயால் சொல்லிக் கற்ற பிறகே மாணவன் தோலைத் தொடுகிறான். நம் ‘தத் தித் தொம் நம்’ எங்கே, அது எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மேளக்காரரை முதல் நாள் மேளம் இல்லாமல் வரச் சொல்லி, இருவரும் வாயால் சொற்களை மட்டும் பரிமாறிக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அன்றைக்கே சிநேகிதராகிவிடுவீர்கள்.

சிங்கள இசைக்கும் வயலின் புதிதில்லை. சிங்களப் பாடகர் அமரதேவா லக்னோவில் வயலின் படித்தவர். கடலோரத்தில் இன்னும் பழைய கதை. போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இன்றும் பாடி ஆடுகிறார்கள். பைலாவுக்கு மூத்த கஃப்ரிஞ்ஞாவில் வயலினும் ஆறெட்டுத் (6/8) தாளமும் சேர்ந்தே வரும். உலக மேளத்தோடு வயலின் சேர்வதற்கு இந்தத் தீவில் யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை.

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தப்பு அடிக்கிறேன் டீச்சர். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் எங்கள் செட்தான் போகும். வயலின் படித்த நண்பன் ஒருவனோடு மேடையேற ஆசை. தப்பு சாவு மேளம், அதை வயலினுக்குப் பக்கத்தில் வைக்காதே என்கிறார்கள். முடியுமா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: முடியும் தம்பி. இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன்.

சாவு மேளம் என்பவர்களிடம் இதைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் இருட்டு விலகுமுன் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) ஆள் எழுப்பியது எது? மாசியில் காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆடுவது எதன் அடிக்கு? சாமி புறப்படும்போது முன்னால் போவது எது? சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று ஒரு மலையின் வாழ்க்கை முழுவதையும் தோலில் வைத்திருக்கிற மேளம் அது. ஒதுக்கப்பட்டது மேளம் இல்லை, அதை அடித்த மனிதர்கள். நீங்கள் மேடையில் நாற்காலி போட்டு, வயலினுக்குச் சமமாக, நடுவில் உட்கார வேண்டும். ஓரத்திலும் பின்னாலும் உட்காரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பெரிய சத்தமுள்ள மேளத்தோடு வயலின் வாழாது என்று யாராவது சொன்னால் குன்னக்குடி வைத்தியநாதனைச் சொல்லுங்கள். வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் ஊர் ஊராக வாசித்தார். தவிலைவிடவா தப்பு பெரிது? அயர்லாந்தில் இன்னும் நெருக்கமான உறவு ஒன்று இருக்கிறது. அவர்களுடைய போரான் என்ற மேளமும் மரவளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்தியதுதான், ஒற்றைக் குச்சியால் வாசிப்பது. திருவிழாக்காலத்தில் தெருவில் தட்டிய அதை 1960களில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் மேடைக்குக் கொண்டுவந்தார். இப்போது அங்கே வயலினுக்குப் பக்கத்தில் அது இல்லாமல் குழுவே இல்லை. வாசிப்பவர் ஒரு கையைத் தோலின் உள்பக்கம் வைத்து அழுத்தியும் விட்டும் சத்தத்தை ஏற்றி இறக்குவார்.

அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்புக்கு ஒரு தப்புக்காரரை அழைத்து ஒரு சனிக்கிழமை முழுக்க இதைச் செய்து பார்த்தோம். வாசலில் கவ்வாத்து மிலாறைக் (வெட்டிய தேயிலைக் குச்சிகளைக்) கொளுத்தி அவர் தோலைக் காய்ச்சினார். பழக்கப்படி கணீர் என்று வரும்வரை காய்ச்சினார், உள்ளே வந்து அடித்ததும் பிள்ளைகள் வில்லை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தடவை பாதியில் எடுத்துக்கொண்டார். தோல் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசியது. பிறகு உள்பக்கம் ஒரு மடித்த துணியைச் செருகினார். தடித்த குச்சியின் நுனியில் துணி சுற்றினார். மெல்லிய குச்சியை வைத்துவிட்டு இடது கை விரல்களாலேயே அந்தத் துடிப்பைக் கொடுத்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளின் கீழ்த் தந்தி கேட்டது. தோலின் குரல் வயலினுடைய ஸ-வுக்கோ ப-வுக்கோ பக்கத்தில் வரும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். ஈரத்தில் அது மெல்ல இறங்கும், அதனால் இரண்டு தப்பு வைத்துக்கொண்டு மாறி மாறிக் காய்ச்சுங்கள்.

உங்கள் நண்பனும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். கீர்த்தனையை வாசித்துவிட்டு அதற்குப் பின்னால் தப்பை ஓடவிட்டால் அது ஒட்டாது. கூத்தில் நீங்கள் அடிக்கும் ஓர் அடியை எடுத்து, அவனை முதலில் வயலின் இல்லாமல் கையால் தட்டப் பழக்குங்கள். அது கைக்குள் வந்ததும் நம் கொழுந்துப் பாட்டு, தாலாட்டு மெட்டு ஒன்றைக் கீழ்த் தந்தியில், அழுத்தமான வில்லோடு வாசிக்கட்டும். தடித்த குச்சி விழும் இடத்தில் வில் திரும்ப வேண்டும். இது மட்டும் சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். வயலினுக்கு ஒரு சின்ன மைக்கைக் குதிரைக்குப் பக்கத்தில் வையுங்கள். தப்புக்கு மைக் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மேடைக்காகச் சாவு அடியை மறைக்காதீர்கள். ஓர் ஒப்பாரி மெட்டை நண்பன் தனியே வாசிக்க, கடைசியில் அந்த அடியை மெதுவாக நீங்கள் சேர்த்தால், அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: இப்படிப்பட்ட இசையைக் கேட்டுப் பழக எங்கிருந்து தொடங்கலாம்?
— பலர்

பதில்: ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் காலமானார். அவரும் சங்கரும் சேர்ந்த சக்தி குழுவின் 1970களின் பதிவுகளை முதலில் கேளுங்கள். அப்புறம் அதே குழு 2023இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்ற இசைத்தட்டு. அதில் வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ். 1967இல் மேற்கத்தேய வயலின் மேதை யெகுதி மெனுகினும் சிதார் மேதை ரவிசங்கரும் அல்லா ரக்காவின் தபலாவோடு வாசித்ததும், 1992இல் க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழு ஆபிரிக்க இசையமைப்பாளர்களின் உருப்படிகளை மட்டும் வைத்து வெளியிட்டதும் போனில் கிடைக்கின்றன.

ஒரு தடவை வயலினை மட்டும் தொடருங்கள், இன்னொரு தடவை மேளத்தை மட்டும். மூன்றாவது தடவை மேளம் எங்கே சும்மா இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீணையோடு உடுக்கு சேருமா என்று கேட்ட மூவருக்கும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.